அறுபத்து நான்கில் நாற்பத்தொன்று

1. வராத சர்டிபிகேட்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூத்தாநல்லூரிலிருந்து பாரூக் பாய் போன் செய்தார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி அவருடையது. விண்ணப்பிக்கிறவர்களின் சர்டிபிகேட்டுகளை ஸ்கேன் செய்து சேமிக்கும் புரோகிராமைத் தஞ்சாவூரில் எங்கள் சிறிய கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. எழுதியது நான். என்னோடு படித்தவர்கள் பாதிப்பேர் அமெரிக்கா போயிருந்தார்கள். நான் மற்றவர்களை வெளிநாடு அனுப்பும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன்.

கீழ்வேளூர் செல்வராஜ் என்ற வெல்டரின் பெயரைப் போட்டால் திரையில் பாஸ்போர்ட் நகல் வருகிறது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வருகிறது, கடைசியில் வர வேண்டிய வெல்டிங் சர்டிபிகேட் வரவில்லை என்றார் பாய்.

"வியாழக்கிழமை காலையில எல்லாரோட சர்டிபிகேட்டும் ஏத்தின சிடி கூரியர்ல போகணும்மா. அதுல இல்லாத ஆள கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். இந்தப் பையன் வயலக்கூட இந்த சம்பாவுக்குப் பங்காளிகிட்ட விட்டுட்டான்."

அசல் பாயிடம் இல்லை. திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்ததும் அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். அடுத்தவன் சர்டிபிகேட்டை ஒரு ராத்திரி வைத்திருந்தாலும் ஊரில் வேறு மாதிரி பேசுவார்கள் என்பார். அந்த நாணயத்தை நம்பித்தான் சுற்றுவட்டாரமே அவரிடம் போனது.

2. மைனஸ் வரவில்லை

புரோகிராம் சி மொழியில், லினக்ஸ் மேல் ஓடியது. ஸ்கேனின் ஒவ்வொரு துண்டும் டிஸ்கில் எழுதி முடியும்வரை காத்திருந்தால் ஏஜென்சி வாசலில் வரிசை நிற்கும். அதனால் ஒருவருடைய பக்கங்களை அறுபத்து நான்கு துண்டாக்கி, அறுபத்து நான்கு கோரிக்கைகளையும் ஒரே கட்டாக io_submit என்ற அழைப்பின் மூலம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கொடுத்தேன். கெர்னல் தன் போக்கில் எழுதும். நாம் அடுத்த ஆளைப் பார்க்கலாம்.

io_submit ஓர் எண்ணைத் திருப்பும். மைனஸ் என்றால் கோளாறு. மைனஸ் இல்லையென்றால் 'சேமிக்கப்பட்டது' என்று காட்டும்படி எழுதியிருந்தேன். அந்த எண், கொடுத்ததில் எத்தனை கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டது என்ற எண். மூன்று கவுண்டரிலும் கூட்டம் சேர்ந்தால் முந்தைய கட்டுகளே முடிந்திருக்காது. நாற்பத்தொன்றுக்குத்தான் இடம் இருந்தால் நாற்பத்தொன்றை எடுத்துக்கொண்டு, மரியாதையாக நாற்பத்தொன்று என்று சொல்லிவிடும். மீதி இருபத்து மூன்றை, அதாவது கடைசிப் பக்கங்களை, யாரும் தொடவில்லை. ஏற்றுக்கொண்டதும் எழுதி முடித்ததும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்காதது இன்னொரு தப்பு. அதுவும் என்னுடையதே.

டெஸ்டிங்கில் இது ஏன் தெரியவில்லை? என் ரேஷன் கார்டை ஸ்கேன் செய்வேன், ஒரு வாய் டீ குடிப்பேன், மறுபடி ஸ்கேன் செய்வேன். கெர்னலின் வரிசை எப்போதும் காலியாக இருந்தது.

மேனேஜர் ராமநாதன் சார் முழுவதையும் கேட்டுவிட்டு, கெர்னல் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்றார். முடியாது என்றேன். ஏற்காத மீதியைத் திரும்பக் கொடுப்பது, io_getevents-இல் அறுபத்து நான்குக்கும் பதில் வாங்கிய பிறகே திரையில் காட்டுவது என்று மாற்ற அரை நாள் ஆயிற்று. பிறகு பழைய பதிவுகளைத் துழாவினேன். செல்வராஜோடு சேர்த்துப் பதினொரு பேருக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை.

3. பதினொரு பேர்

புதன்கிழமைக்குள் பத்துப் பேர் அசலோடு வந்துவிட்டார்கள். செல்வராஜ் கொடுத்திருந்தது பக்கத்து வீட்டு நம்பர். யாரும் எடுக்கவில்லை. நானே பஸ் ஏறிக் கீழ்வேளூர் போனேன். வீடு பூட்டியிருந்தது. வெளிநாடு போகுமுன் சொல்லிக்கொள்ள மாமனார் வீட்டுக்கு, வேதாரண்யம் பக்கம் போயிருக்கிறார் என்றார்கள் எதிர்வீட்டில். அவர்களிடம் தகவல் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வியாழன் பத்து மணிக்கு சிடி போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு செல்வராஜ் பைலோடு ஏஜென்சிக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

"அன்னைக்கே எல்லாம் குடுத்தேனே மேடம். சேமிக்கப்பட்டதுன்னு வந்துச்சு, நானே படிச்சேன்."

"தப்பு என்னோடதுங்க" என்றேன். அவர் திட்டவில்லை. அடுத்த லிஸ்ட் எப்போது என்று மட்டும் கேட்டார். தை கழியட்டும் என்றார் பாய். கம்பெனிக்கு இரண்டு முறை போன் போட்டுக் கெஞ்சியும் பார்த்தார். நடக்கவில்லை.

அந்த சம்பாவில் செல்வராஜ் தன்னுடைய மூன்று மா நிலத்திலேயே பங்காளியிடம் கூலிக்கு நாற்றுப் பறித்தார். பின்னால் அவரே சொன்னார், குறையாகக்கூடச் சொல்லவில்லை. கேட்ட எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ராமநாதன் சார் இந்தக் கோளாறின் ரிப்போர்ட்டைக் கேட்டார். "பதினொண்ணுல பத்து சரி பண்ணியாச்சு. குளோஸ்டுன்னு போட்டுடும்மா எஸ்தர்."

பத்தும் மைனஸ் எண் இல்லைதான். 'ஒருவர் பாக்கி: செல்வராஜ், கீழ்வேளூர்' என்று எழுதித் திறந்தே வைத்தேன். ஒவ்வொரு மாதமும் மீட்டிங்கில் அதைக் காட்டி ஏன் இன்னும் முடியவில்லை என்று சார் கேட்பார். ஒவ்வொரு மாதமும் அதே பெயரைச் சொல்வேன்.

புதிதாக சி எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: திரும்பி வரும் எண்ணைப் பூஜ்யத்தோடு ஒப்பிடாதீர்கள், நீங்கள் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், விடுபட்டது யார் என்று பாருங்கள். மாசியில் செல்வராஜ் விமானம் ஏறினார் என்று பாய் போன் செய்த பிறகே அந்த ரிப்போர்ட்டை மூடினேன்.