பேரிக்காய்க்குக் கட்டிய சுவர்

இங்கே வந்து முதலில் எனக்குச் சிரிப்பு மூட்டியது, பேரிக்காய்க்காகக் கட்டிய சுவர்தான். இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் எனக்கு வேலை. நாலு பக்கமும் இரண்டு ஆள் உயரச் செங்கல் சுவர், உள்ளே நூல் பிடித்தாற்போல் பாத்திகள். ஆடு மாடு நுழையாமலிருக்க என்றுதான் நினைத்தேன். அதற்கில்லையாம். பகலில் வாங்கிய வெயிலை இரவில் மரத்துக்குக் கொடுக்குமாம் சுவர். எங்கள் ஊர் அரிமளத்தில் நாங்கள் நிழலுக்குச் சுவரோரம் ஒதுங்குவோம். இங்கே பேரிமரம் சூட்டுக்கு ஒதுங்குகிறது.

மனைவி செல்வி இங்கே நர்ஸ். ஆறு வயது மகளை ஊரில் என் ஆத்தாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். எனக்கு வேலை நிரந்தரமானால் அவளை அழைத்துக்கொள்வது என்று பேச்சு. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். அதில் கடைசி வாரம், என் கை சும்மா இருக்கவில்லை. சுவர் இடுக்கில் ஊதாப் பூவோடு ஒரு செடி முளைத்திருந்தது. ஊரில் நான் கட்டட மேஸ்திரி. புதுக்கோட்டையில் ஆலங்கன்று பிளந்த சுவர் எத்தனை பார்த்திருக்கிறேன்! யாரையும் கேட்காமல் வேரோடு பிடுங்கிவிட்டேன். கூடவே ஒரு கைப்பிடி பழைய சுண்ணாம்புக் காரையும் பெயர்ந்து வந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது: இந்தச் சுவரில் அனுமதியில்லாமல் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

செல்விக்குப் போன் செய்தேன். “ஏங்க, ஒங்கள யாருங்க அதுல கைய வைக்கச் சொன்னது? போயி உள்ளத உள்ளபடி சொல்லிருங்க. பாப்பா காரியம்” என்றாள்.

செடியும் கையுமாகத் தலைமைத் தோட்டக்காரர் ஹெலன் அம்மாவிடம் போய் நின்றேன். “சாரி, கொன்றுவிட்டேன்” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முழுசாக வந்துவிட்டதா?”

“ஆமாம். சாரி.”

“எதற்குச் சாரி? சுவரைத் தின்கிற களை இது. எடுக்க வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.”

நான் மறுபடியும் சாரி சொன்னேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை; சுவரருகே கூட்டிப்போய்க் காட்டினேன். காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்து முகம் சுளித்து, “அடுத்த முறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்” என்றார். அடுத்த முறை! அந்த ஒரு சொல்லில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதமும் வந்துவிட்டது.

அன்றே வீடியோவில் ஆத்தாவை அழைத்து, பாப்பாவைக் கூட்டிப்போக வருகிறேன் என்றேன்.

“நல்லதுப்பா. தாய் தகப்பன்கிட்ட வளர்றதுதான் பிள்ளைக்கு அழகு” என்றாள். பிறகு, “இங்கிட்டுப் பின்சுவத்துல ஆலங்கன்னு ஒண்ணு நிக்கிது. வாறப்ப அதயும் பிடுங்கிட்டுப் போயிரு” என்றாள்.

“எப்ப மொளச்சுச்சு ஆத்தா?”

“நீங்க ரெண்டு பேரும் பிளேன் ஏறுனீங்கள்ல, அந்த மழையில.”

போனைத் திருப்பிக் காட்டினாள். பாப்பா ஒரு சொம்பில் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.