நெவிலின் வலது கை

நெவில் ஒல்ரன்ஷா இருபது வருஷம் கண்ணாடி இழையில் படகு வார்த்தவன். பிறகு ஷெஃபீல்டில் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து, கரி இழையையும் பசையையும் அடுக்கடுக்காகப் போட்டு விமான இறக்கைக்குப் பலகை செய்தான். செய்ததைப் பந்தயக் குதிரை மாதிரி தட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பான். பெண்டாட்டியை அப்படித் தட்டிக்கொடுத்ததாகத் தகவல் இல்லை.

பலகையின் ஒரு முனையில் கேமரா, மறுமுனையில் டிவி. நடுவே கம்பி கிடையாது; கம்பி இல்லாமலே இறக்கை வழியாகச் செய்தி அனுப்ப முடியுமா என்பதுதான் சோதனை. படம் அலையாகி, பலகையின் மேல்தோலை ஒட்டிப் பல்லி மாதிரி ஊர்ந்து போகும். ஆனால் அடிக்கடி நின்றது. வெள்ளிக்கிழமை விமானக் கம்பெனிக்காரர் வருகிறார். அன்றும் நின்றால் பலகைதான் கோளாறு என்றாகி, நெவில் மறுபடி படகுக்கே போக வேண்டியதுதான்.

"அவர் கை வைக்கிறதுதான் காரணம், ரெஜ்," என்றாள் சோதனையை நடத்தும் டாக்டர் பிலிப்பா, சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம். "கையில இருக்கிற ஈரம் அலையைக் குடிச்சிடுது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

நோட்டீஸ் ஒட்டினாள்: 'பலகையைத் தொடாதிருந்தால் மிகவும் நன்றியுடையவர்களாவோம்.'

நெவில் பலகையில் கையூன்றிக்கொண்டு அதை வாசித்தான். "சரியாத்தான் போட்டிருக்காங்க. சில பேருக்கு விவஸ்தையே கிடையாது," என்று என்னை முறைத்தான். மறுநாள் சிவப்பு மசியில் இன்னொன்று ஒட்டினாள். அது கோணலாக இருந்ததென்று நேராக்கி வைத்தான்.

வெள்ளிக்கிழமை மிஸ்டர் விட்காம் வந்தார். படம் ஓடியது. நெவில் பலகையைத் தட்டினான், நின்றது.

"வானிலை சரியில்ல போல," என்றாள் பிலிப்பா, கூரைக்குக் கீழே நின்றுகொண்டு.

மூக்கைச் சொறியக் கையை எடுத்தான், ஓடியது. மறுபடி வைத்தான், நின்றது. கையைப் பார்த்தான். நோட்டீஸைப் பார்த்தான். மெல்ல என் பக்கம் நகர்ந்தான்.

"எத்தனை நாளா, ரெஜ்?"

"மார்ச்லேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு நோட்டீஸ் ஒட்டினாங்களே."

"அது உனக்குன்னு நெனச்சேன்."

இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டான். படம் ஓடியது.

"பிரமாதமான வேலை," என்று சொல்லி விட்காம் தன் உள்ளங்கையைப் பலகைமேல் பரப்பினார். படம் நின்றது.

பிலிப்பா ஜன்னல் வழியே மேகம் பார்த்தாள். பிழைப்பே போகிற நேரத்திலும் நெவிலுக்கு 'கையை எடுங்கள்' என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்க்காரர் யாருக்குமே அது வராது, பாவம். திடீரென்று சமையலறைக்கு ஓடினான். திரும்பி வந்து விட்காமின் வலது கையில் தேநீர்க் கோப்பையையும் இடது கையில் பிஸ்கட் தட்டையும் கொடுத்தான்.

படம் ஓடியது.

குடித்து முடித்ததும் விட்காம் கோப்பையை வைக்க இடம் தேடினார். "பிடிச்சுக்கோங்க சார்," என்று நெவில் மறுபடி நிரப்பினான்.

நான்காவது கோப்பையில், பலகை தேறிவிட்டதென்று விட்காம் தலையாட்டினார். கால்கள் பின்னிக்கொண்டிருந்தன. கழிப்பறை எங்கே என்று கேட்க அவருக்கும் வாய் வரவில்லை.