கம்பளிக்கு அடியில் கிடந்த பெல்ட்

"கழுத்து திரும்பவே மாட்டேங்குது." தினமும் கடை ஷட்டரைத் தூக்கும்போது தையல்காரம்மா முதலில் சொல்வது இதுதான். கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உச்சுக்கொட்ட உச்சுக்கொட்ட அவருக்கு உடம்பெல்லாம் கூசும்.

மகளைப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பும்போது நடந்தது. அரை நாளுக்கு மேல் பறக்கிற பயணம். தானே தைத்த புது கவுன், முன்பக்கம் கத்தி மாதிரி மடிப்பு. பெல்ட் போட்டால் மடிப்பு போச்சு. அதனால் பெல்ட்டை மாட்டாமல் மடியில் போட்டு, மேலே கம்பளியை மூடிக்கொண்டார். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்ததும் பணிப்பெண் வந்தாள்.

"பெல்ட் போட்டிருக்கீங்களாம்மா?"

"எல்லாம் போட்டாச்சும்மா, நீ போ."

அவள் நம்பி நகர்ந்தாள். அடுத்த நொடியே நடுவானில் கயிறு அறுந்த வாளி மாதிரி விமானம் சட்டென்று கீழே இறங்கியது. தையல்காரம்மா எழும்பிக் கூரையில் இடித்து, அந்தப் பெண் மேலேயே விழுந்தார். அவளுக்குக் கால் எலும்பு முறிந்தது.

வீட்டில் நாத்தனார் தானாகவே ஒரு கதை கட்டினார். "பெல்ட் போடச் சொல்லவே இல்லையாம். அந்தப் பொண்ணு என்னத்தக் கிழிச்சிட்டிருந்தா?" தையல்காரம்மா குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு குனிந்திருப்பார். வாயில் ஊசி இருந்தால் பேச வேண்டாமே.

நாத்தனார் எழுதிப்போட்ட புகாருக்கு ஒருநாள் விமானக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பெல்ட்டைக் கேட்காம விட்டிருந்தா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும். கேட்டாளா இல்லையா? நீங்களே சொல்லுங்கம்மா."

"கேட்கலைன்னு சொல்லுங்க அண்ணி," நாத்தனார் கிசுகிசுத்தார்.

தையல்காரம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "கேட்டா. நான்தான் போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். துணி கசங்கிடும்னு."

வீட்டுக்காரர் தலையில் கைவைத்தார். "அடிப்பாவி! இஸ்திரிப் பெட்டி நம்ம வீட்டுலதானேடி இருக்கு!"

அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. ஆனால் நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நலம் விசாரிக்க வந்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிப் போனவர்களும் உண்டு. யார் முகத்தையும் பார்க்க வேண்டாமென்று அவரும் மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பட்டையைக் கழற்றியாயிற்று. இன்னமும் கழுத்து திரும்பவில்லை என்றுதான் சொல்கிறார். யாராவது கூப்பிட்டால்தானே திரும்ப?

போய்ப் பாருங்கள். மருந்துக்கடையை ஒட்டின பச்சை ஷட்டர். ஆறுதல் சொல்கிறேன் என்று மானத்தை வாங்காதீர்கள். ஓரம் பிரிந்த கால்சட்டை ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், போதும்.