கூரையில்லாத கோயிலில் எடுத்த கல்

நாற்பத்தேழு வயதில், மூக்குக்கண்ணாடியும் தொப்பையுமாக, ஒரு திருட்டுக் கல்லைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனவன் நான். சாமி குத்தம் என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று மேடையேறிப் பேசியவனும் நானேதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திருடியபோது எனக்கு ஒன்பது வயது. டெக்சாஸில், சுகர் லேண்டில் இருந்தோம். அப்பாவுக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை போய் மூன்று நாள் ஆகியிருந்தது. இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் விசா முடிந்து ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் இது தெரியாது. அப்பா லீவு போட்டிருக்கிறார் என்று குதித்துக்கொண்டிருந்தோம்.

"இந்த ஊருக்கு வந்து ஷாப்பிங் மாலைத் தவிர என்னத்தைப் பார்த்தோம்? எல்லாரும் வண்டியில ஏறுங்க," என்றார் அப்பா. அம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதுவே ஓர் அதிசயம்.

ஃப்ரீவேயை விட்டு இறங்கி, மாடும் முள்வேலியுமாக வெகுதூரம் போனபின், புல்வெளி நடுவே அது நின்றது. எந்தக் காலத்திலோ ஸ்பெயினிலிருந்து வந்த கிறிஸ்தவத் துறவிகள் கட்டி, பிறகு விட்டுப்போன மடம். அமெரிக்காவில் என்னைவிட மூத்த கட்டடம் எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் அபார்ட்மென்டே எனக்குத் தம்பி. இங்கே ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அகலத்துக்குச் சுவர். வளைவுக்கு அப்பால் வளைவு. கூரை மட்டும் இல்லை. அந்த இடத்தில் வானம் வந்து உட்கார்ந்திருந்தது. வாயாடி அக்கா வாயை மூடினாள். சுவரிலிருந்து சுவருக்குப் பறந்த குருவியின் சிறகுச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சாமி இல்லை, விளக்கு இல்லை. ஆனாலும் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. அப்பா ஷூவைக் கழற்றிவிட்டு, பீடம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். எனக்கு முதுகு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை வீட்டுக்குக் கொண்டுபோக வேறு வழி தெரியாமல், சுவரோரம் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் வந்தது வினை. சிவன் கோயிலைவிட்டு வருமுன் சண்டிகேஸ்வரர் முன்னால் நின்று, கோயில் பொருள் எதையும் கொண்டுபோகவில்லை என்று இரண்டு கையையும் துடைத்துக் காட்டுவோமே, அதை அப்பா அந்த மடத்து வாசலில் செய்தார்.

"அப்பா, திஸ் இஸ் எ சர்ச்!" என்று அக்கா பல்லைக் கடித்தாள். நாலு வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் வீடா இருந்தா என்னடி? கையைக் காட்டிட்டுத்தான் போகணும்."

அம்மா காட்டினாள். அக்கா காட்டினாள். என் முறை. என்னைப் பிடிக்கப்போவது சிவனா, ஏசுவா, அல்லது இருவரும் பேசிவைத்துக்கொண்டு வருவார்களா என்று தெரியவில்லை. நானும் துடைத்துக் காட்டினேன். அப்பாவின் பார்வை கீழே இறங்கி, புடைத்திருந்த என் பையில் நின்றது. தொலைந்தேன் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனின் பென்சில் என் டப்பாவில் இருந்ததற்கே என்னை இழுத்துப்போய் மன்னிப்புக் கேட்கவைத்த மனிதர் அவர்.

"சரி, வா," என்றார்.

அவர் கவனிக்கவில்லை என்றே வருஷக்கணக்கில் நம்பினேன். இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. பிறகு கிரீன் கார்டும் வந்தது. வேலை போன கதையை, அப்பா காலமானபின், சென்ற வருஷம்தான் அம்மா சொன்னாள். வெறுங்கையோடு இந்த நாட்டைவிட்டுப் போகவேண்டியிருக்கும் என்று நினைத்தவர், பையனிடமாவது ஏதோ ஒன்று இருக்கட்டும் என்று கண்டும் காணாமல் விட்டிருக்கிறார். ஒன்பது வயதுக்கு அது எட்டவில்லை.

கல்லைத் திருப்பிக் கொடுத்து, அவர் சார்பில் கையைத் துடைத்துக் காட்டத்தான் போன மாதம் அந்த மடத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பிலிருந்த இளம்பெண்ணிடம் கல்லை நீட்டி முழுக்கதையையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது பாதையில போடறதுக்கு நாங்க லாரியில வாங்கிக் கொட்டற ஜல்லி. வேணும்னா இன்னும் ரெண்டு எடுத்துக்குங்க."