வலி நின்ற வெள்ளிக்கிழமை

வலியை நிறுத்து தாயே என்று கேட்டேன். வலி நின்றது.

போன ஆடி மாதம் நடந்தது இது. என் வீட்டுக்காரர் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். வேலை முடிந்து சைக்கிளில் வந்தவரைத் திண்டிவனம் ரோட்டில் ஒரு மினி லாரி அடித்துப் போட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. லாரி ஓனரின் ஆள் ஒருவர் ஓடி வந்தார். தங்கமான மனுஷன் என்று நினைத்தேன். அவரே கார் வைத்து எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிப் போனார். மூங்கில் பத்தை வைத்து, முட்டை தடவி, இறுக்கிக் கட்டினார்கள். அவிழ்த்தால் எலும்பு விலகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் அந்த ஆள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி, போலீசு எல்லாம் இன்னாத்துக்கும்மா? யாராச்சும் கேட்டா வரப்புல வழுக்கி வுழுந்துட்டாருன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரர் கத்தினார். "கட்ட அவுருடி, காலு வெடிக்குதுடி!" எப்படி அவிழ்ப்பேன்? மாரியாத்தா, இந்த வலியை மட்டும் நிறுத்து, உனக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று அழுதேன்.

விடிந்தது. வீட்டில் சத்தமே இல்லை. "வலி போச்சு" என்றார். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! அந்த ஆளும் இளநீரோடு வந்து உட்கார்ந்து, "பாத்தியா, நான் சொல்லல?" என்று சிரித்தார். ஆடி வெள்ளி. கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் பாட்டு நின்றது. எங்கள் ஊர் நர்ஸ் அக்கா மைக் பிடித்தார். பக்கத்துத் தெருவில் இப்படிக் கட்டுப் போட்ட ஒருத்தருக்குக் கால் போனதிலிருந்து, கூட்டம் கூடுகிற நாளில் இப்படிப் பேசுவார். நான் என்றைக்கும் காது கொடுத்ததில்லை.

"எம்மா, நல்லா கேட்டுக்குங்க. கட்டு போட்ட காலு உயிர் போற மாதிரி வலிச்சி, அப்பறம் சட்டுனு வலி நின்னா அது கொணமாவறது இல்ல. வெரல தொட்டுப் பாருங்க. சில்லுனு மரத்துப் போயிருந்தா ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வண்டி மோதினா, வண்டி மோதிச்சின்னே டாக்டர்கிட்ட சொல்லுங்க. அத அவர் எழுதினாதான் பின்னால நஷ்டஈடு கேக்கறதுக்கு ஆதாரம்."

கூழ்ப் பானையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

விரல்கள் நீலம் பாரித்திருந்தன. தொட்டால் ஐஸ். பலம் கொண்ட மட்டும் கிள்ளினேன். அவர் என்னைப் பார்த்து, "இன்னாடி தேடற அங்க?" என்றார். நான் கிள்ளியது அவருக்குத் தெரியவே இல்லை.

அந்த ஆள் வாசலை மறித்து நின்றார். "இப்ப அசைச்சா காலு போயிடும்மா." "போனா என் புருஷன் காலு. நீ வழிய வுடு!" என்று கத்தினேன். தெருவே கூடியது. ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரிக்கும் அந்த ஆள் பின்னாலேயே வந்துவிட்டார். கட்டை வெட்டிக்கொண்டே டாக்டர் கேட்டார், எப்படி அடிபட்டது என்று. கதவோரம் நின்று அந்த ஆள் என்னையே பார்த்தார். இப்போது சிரிப்பு இல்லை. வரப்பு என்கிற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. தாயே என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டேன்.

"மினி லாரி மோதிச்சி சார்."

டாக்டர் எழுதினார். திரும்பிப் பார்த்தேன். கதவோரம் ஆள் இல்லை.

இரண்டு விரல் போனது. கால் பிழைத்தது. மூட்டை தூக்க முடியாது, கோல் ஊன்றி நடக்கிறார். கேஸ் நடக்கிறது. அந்த ஆளின் பைக் சில நாள் எங்கள் தெரு முனையில் வந்து நிற்கும். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இந்த ஆடியில் நர்ஸ் அக்காவுக்குப் பிறகு நானும் மைக் பிடிக்கிறேன். நான் கேட்டது வலி நிற்க. மாரியாத்தா கொடுத்தது நர்ஸ் அக்காவின் குரல். அம்மனை நம்புங்கள், அழுது கேளுங்கள். கேட்டுவிட்டு, கண்ணைத் திறந்து விரலைத் தொட்டுப் பாருங்கள்.