நடந்து திரும்பியவர்

கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் பஸ்ஸில்தான் திரும்புவார்கள். நாயாற்றுக்குக் கிட்ட நான் கண்ட நரைத்த தாடிக்காரர் நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான்.

வேலை அவசரத்திலும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்கோ ஐயா, முல்லைத்தீவில விடுறன்" என்றேன்.

"வேண்டாம் தம்பி. ஏறினால், நடுவில சோறு தாற சனத்தையெல்லாம் தவறவிட்டிடுவன்."

"போகேக்க முருகனுக்காகத் தந்திருப்பினம். திரும்பேக்கயும் தருகினமோ?"

"ஓம், இப்ப எனக்காகத் தருகினம்."

"வேலைக்கு எத்தினை நாள் லீவு?"

"லீவு முடிஞ்சு ரெண்டு மாசம்" என்று சிரித்தபடி நடந்தார்.

பத்து வருடமாக நான் ஓடித்திரிகிற வீதி அது. அன்றுதான் முதல் தடவையாக ஒரு வீட்டுப் படலையடியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். செம்பை நீட்டிய அம்மா, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டா.