பேட்ஜ் வைத்த பொட்டு

தீயணைப்புப் படையின் சின்னத்தை நான் முதலில் ஏதோ பூ என்றுதான் நினைத்தேன். நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் எட்டு முனைகள். தொண்ணூறுகளில் அடையாற்றங்கரையில் ஓர் ஓலைக் குடிசையில் அம்மாவும் நானும் இருந்தோம். தி.நகர் சீருடைக் கடையிலிருந்து வரும் காக்கிச் சட்டைகளில் துணி பேட்ஜ் வைத்துத் தைப்பது என் வேலை. பள்ளிக்கூட பேட்ஜ் என்றால் நாலு பக்கம் ஓட்டி முடித்துவிடலாம். இந்தப் பூ அப்படி விடாது. ஒவ்வொரு முனையிலும் ஊசியை நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபடி மிதிக்க வேண்டும். சனியன், உயிரை வாங்கும்!

"இன்னா பூவுடி இது, வாசனையே காணோம்?" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அந்தத் தையல் மிஷின் அப்பா வாங்கிப் போட்டது. அவர் போன பிறகு அம்மா நெற்றியில் ஒன்றும் வைத்ததில்லை. யாரும் வந்து அவள் கையைப் பிடித்துத் தடுத்ததில்லை. தடுத்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நீட்டினால், "பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்து எண்ணெய் விடுவதெல்லாம் அவள்தான். சந்தனம் குங்குமம் வைக்கும்போது மட்டும் தள்ளி நின்று, "நீயே வெச்சிடு" என்பாள்.

அந்த வருடமும் சக்கரத்தில் நான்தான் பொட்டு வைத்தேன். அன்றைக்கு மிஷினுக்கு ஓய்வு, எனக்கும் ஓய்வு. பொரியைக் கொறித்தபடி படுத்திருந்தேன். ஓலை இடுக்கில் வெயில் இறங்கி, சாம்பிராணிப் புகையில் மிதந்துகொண்டிருந்தது. அந்தப் புகை எப்போது வேறு புகையானது என்று இன்றும் எனக்குத் தெரியாது. "நெருப்பு! நெருப்பு!" என்று வெளியே கத்தினார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

நாலைந்து வீடு தள்ளிப் பிடித்த தீ, ஆற்றுக் காற்றில் கூரைக்குக் கூரை தாவி வந்தது. எங்கள் கூரையின் ஓரமும் பிடித்துக்கொண்டது. "ஐயோ, மிஷினு!" என்றாள் அம்மா. என் கையில் இருந்த கை அப்புறம் இல்லை. புடவைத் தலைப்பு வாசலுக்குள் போவதைத்தான் பார்த்தேன். பின்னால் ஓடப் போன என்னை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை நான் சொல்லாத கெட்ட வார்த்தை இல்லை.

அப்போதுதான் தீயணைப்பு வண்டி வந்தது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை, விளக்கு ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே கிளம்பியிருக்கிறார்கள்.

"இன்னாடா இது, மாப்ள ஊர்கோலமா?" என்றார் பக்கத்தில் யாரோ.

இப்போது நினைத்தால் அந்தக் காட்சியில் சத்தமே இல்லை. மணி அடித்திருக்கும், ஜனங்கள் அலறியிருப்பார்கள். எனக்குத் தெரிவதெல்லாம் புகைக்குள் மெல்ல அசைந்து வரும் பச்சை வாழை இலைகள்தான். கனவில்கூட அவை வருகின்றன.

"உள்ள யார்னா கீறாங்களா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே குதித்தார்.

"எங்கம்மா கீதுண்ணா! எங்கம்மா!"

அவர் உள்ளே போனார். அவர் தோளில் இருந்தது நான் தைத்த பூவா, வேறு யாரோ தைத்ததா, அதை யார் பார்த்தது? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவை இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டு, தலையை அவள்மேல் நன்றாகக் கவிழ்த்து, அவர் வெளியே வந்தார். ரோட்டில் கிடத்தித் தண்ணீர் தெளித்ததும் அம்மா இருமினாள். கண்ணைத் திறந்து, "மிஷினு?" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

அவள் முகமெல்லாம் கரி. நெற்றியில் மட்டும் ஈரச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். ஹெல்மெட்டின் முன்பக்கத்துப் பித்தளை பேட்ஜில் பூஜைக்கு வைத்த பொட்டு பாதிதான் இருந்தது.

பின்னாளில் ஏதோ ஒரு புத்தகத்தில் படித்தேன். கடல் நடுத் தீவொன்றின் வீரர்கள், எரிந்துகொண்டிருந்த தங்கள் ஆட்களைத் தீக்குள் புகுந்து தூக்கி வந்தார்களாம். அவர்கள் நெஞ்சில் அணிந்த எட்டு முனைச் சிலுவைதான் பல ஊர்களில் தீயணைப்போர் சின்னமானதாம். ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு நல்ல குணத்தைச் சொல்கிறார்கள். இருக்கட்டும். எனக்குத் தெரிந்த அர்த்தம் வேறு.

அன்று பக்கத்து வீட்டு அக்கா, "ஐயையோ, நெத்தில..." என்று துடைக்கக் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

மிஷினின் மேஜை எரிந்துபோனது. இரும்பு கறுத்துக் கிடந்தது. எண்ணெய் விட்டதும் சக்கரம் சுற்றியது. அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மாவே அதற்குப் பொட்டு வைத்தாள். அதே விரலால் தன் நெற்றியிலும் வைத்துக்கொண்டாள். அப்புறம் அதை அவள் விடவேயில்லை. யாராவது வாயைத் திறந்தால் ஒரே பதில்தான்:

"இது நானா வெச்சது இல்ல, அந்த பேட்ஜு வெச்சது. அழிக்கணும்னா மொதல்ல அதாண்ட போய் கேட்டுக்கினு வா."